கண்ட கடி

பாட்டிலுக்குள் ஈ இன்னும் சாகவில்லை. ஒச்சம்மாள் பாட்டிலை இடது கையால் மடியோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வலது கையை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது என்று ஆகிப் போய்க் கொஞ்ச காலமாயிற்று. பழைய ஊறுகாய் பாட்டில் அது, எத்தனை தடவை கழுவினாலும் எலுமிச்சங்காய் வாடை போகவில்லை. மூச்சு விடட்டும் என்று புருஷன் தவசி மூடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டிருந்தார். கடிச்ச சனியனுக்கு மூச்சு ஒண்ணுதான் கேடு என்று அவள் சொன்னதற்கு, செத்ததைக் கொண்டு போனா டாக்டர் எப்படி அடையாளம் சொல்லுவாரு, உசுரோட இருக்கணும்ல என்றார். அதுவும் சரிதான். பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பாம்பையும் அடித்துச் சாக்கில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதில்லையா? எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தானே எந்த ஊசி என்று தெரியும். ஈக்கும் அதே நியாயந்தான். இது இன்ன ஈ என்று சொல்லிவிட்டால் இதற்கு இன்ன மருந்து என்று சொல்லிவிடுவார்கள், மருந்தைத் தின்றால் விஷம் இறங்கும், விஷம் இறங்கினால் கை வரும், கை வந்தால் பூக் கட்டலாம். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

பெஞ்சில் அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் மஞ்சளாகிப் போன வெண்டைச் செடியை வேரோடு பிடுங்கி மடியில் படுக்க வைத்திருந்தான். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை, பை நிறையச் சொத்தைக் கத்தரிக்காய். அதற்கப்பால் ஒருத்தர் தென்னங்கீற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதன் நிழலிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் செடியையும் காயையும் கொண்டு வந்திருக்க, இவள் ஒருத்திதான் கையைக் கொண்டு வந்திருக்கிறாள். முதலில் சிரிப்பு வந்தது. ஆத்தீ, இடம் மாறி வந்துட்டமா? கதவுக்கு மேலே இருந்த பலகையை மறுபடியும் எழுத்துக் கூட்டினாள். டா, க், ட, ர். டாக்டர் என்றுதான் போட்டிருக்கிறது. டாக்டர் சுகிர்தா. அப்புறம் என்ன? தோட்டத்துக்காரர் கருத்தக்கண்ணன் சொல்லித்தானே வந்தது. "வெவசாய ஆபீசுல பூச்சி டாக்டர் இருக்காக, எந்தப் பூச்சியக் கொண்டுபோனாலும் அதோட சாதகத்தையே சொல்லிருவாக" என்றார். பல்லுக்குப் பல் டாக்டர், கண்ணுக்குக் கண் டாக்டர், பூச்சிக் கடிக்குப் பூச்சி டாக்டர். பாவி மனுஷி அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். உசிலம்பட்டிப் பக்கத்தில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்த வெண்டையையும் ஏதோ கடிச்சுத்தானே இருக்கு, செடிக்கும் மனுசருக்கும் இங்க ஒரே டாக்டர் போல. கையில் வைத்திருந்த பாட்டிலுக்குள் ஈ ஒரு தடவை எழும்பி மூடியில் முட்டிக் கீழே விழுந்தது, இவள் நெஞ்சும் கூடவே ஒரு தடவை முட்டியது. பக்கத்துப் பொம்பளை எட்டிப் பார்த்து, "அதென்ன, குளவியா?" என்றாள். "தெரியலைக்கா, அதக் கேக்கத்தான் வந்திருக்கேன்." "எந்தச் செடியில விழுந்துச்சு?" எந்தச் செடியில் விழுந்தது என்று எப்படிச் சொல்வது?

செண்டுமல்லித் தோட்டத்தில்தான் விழுந்தது. ஆடி மாசம், வெயில் ஏறிப் போச்சு, இன்னும் ரெண்டு பாத்தி பாக்கி. பூ என்று நினைத்துத்தான் பிடித்தாள். பூவோடு சேர்த்து அதையும் பிடித்துவிட்டாள். பெருவிரல் அடியில் சுருக்கென்று ஒரு குத்து, உச்சந்தலைக்கு ஏறியது. ஆத்தாடி என்று கையை உதறினாள். கடித்த கழுதை ஓடியாவது போகணுமே, போகவில்லை, வேலிக் கம்பியில் போய்த் திமிராக உட்கார்ந்து இவளைப் பார்த்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இவளும் அதைப் பார்த்தாள். மூஞ்சியில் தாடி. ஈக்குத் தாடி என்று சொன்னால் எவன் நம்புவான்? கண் ரெண்டும் பிதுங்கி, ரெண்டுக்கும் நடுவில் உச்சியில் ஒரு பள்ளம். முதுகு கூன். பின்னால் குளவிக்கு இருப்பது போல நீளமாகச் சூம்பிப் போன உடம்பு. காலெல்லாம் முள். அப்போதுதான் ஒரு தேனீ அந்தப் பக்கமாகப் போனது. கம்பியில் இருந்தது எழும்பியதும் தெரியவில்லை, பிடித்ததும் தெரியவில்லை, திரும்ப அதே கம்பிக்கு வந்து உட்கார்ந்தபோது தேனீ அதன் கட்டைக் காலுக்குள் இருந்தது. தேனீயின் கால் கொஞ்ச நேரம் துடித்தது, பிறகு நின்றது. ஒச்சம்மாள் நகரவே இல்லை. பக்கத்துப் பாத்திக்காரி "ஏ, என்னடி மசங்கிப் போயி நிக்கிற" என்று கூப்பிட்டும் நகரவில்லை. உறிஞ்சி முடித்துவிட்டு அது தேனீயைக் கீழே போட்டது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். றெக்கை இருந்தது, கால் இருந்தது, எல்லாம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு, கையில் வைத்திருப்பதே தெரியவில்லை.

அந்தக் கூடுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்வது. மடியில் கிடந்த வலது கையை அவள் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திரட்சியாக ஒரு சதை இருக்குமே, அது கரைந்து போய்க் குழி விழுந்திருந்தது. யாரோ உள்ளே இருந்து உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். அதுதான் எடுத்தது. வேற எது எடுக்கும்? நாரைச் சுண்டி முடிச்சுப் போடும் விரல் அது, ஊருக்குள் அவள் கட்டுகிற சரத்தை அவிழ்க்க முடியாது என்று பேர். இப்போது ரெண்டு மொட்டை அந்த விரலுக்குள் நிறுத்த முடியவில்லை. அது போக, தோலுக்கு அடியில் ஒரு துடிப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்கு மேலே ஏதோ நெளிகிறது, நிற்கிறது, தோள்பட்டையில் போய் நெளிகிறது. முட்டை கிட்டை வச்சுட்டுப் போயிருக்குமோ? குஞ்சு பொரிச்சு உள்ள திரியுதோ? யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள். கோயில் பூசாரியிடம் கையை மட்டும் காட்டினாள். அவர் வேப்பிலை அடித்து, மிளகை மெல்லக் கொடுத்து, காணாக்கடி என்றார். கண்ணுக்குத் தெரியாமல் எதுவோ கடித்துவிட்டுப் போய்விட்டால் அதற்குக் காணாக்கடி என்று பேர். அரித்தாலும் காணாக்கடி, தடித்தாலும் காணாக்கடி, காரணம் தெரியாதது எல்லாம் காணாக்கடி. ஒச்சம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காணாக்கடி இல்ல சாமி, இது கண்ட கடி. நான் பாத்தேன். அதுவும் என்னையப் பாத்துச்சு. தாடி வச்சிருந்துச்சு" என்றாள். பூசாரி தன் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும், அவருக்கென்ன.

கடிச்ச பிறகுதான் கை போனது. கடிச்ச பிறகுதான். இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் மனசு முள்ளில் மாட்டின சேலையாக நின்றுவிடுகிறது. அப்போ மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போனபோது பொங்கப் பானை நழுவியதே, அது? சுடு பானை, யாருக்குத்தான் நழுவாது? சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, பொங்கல் மண்ணோடு மண்ணாகக் கிடக்க, தவசி கத்தினார்: "ஏ கூறுகெட்டவளே, கையில வெண்ணெயா தடவிருக்க?" அவமானத்தில் அவரிடம் பேசாமல் இருந்தாள். அதெல்லாம் கடிக்குப் பிறகுதானே? ஆடியில் கடித்தது. மாசியில் பானை. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று அவள் விரலை மடக்கினாள், மடங்குகிற கையில்தான். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி. பார், ஆடி முந்தி, மாசி பிந்தி. எப்படி எண்ணினாலும் ஆடிதான் முந்தி வருகிறது. ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. இது ஐப்பசி, அடுத்த மாசி இன்னும் பிறக்கவே இல்லை, பானை நழுவியது போன மாசி என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே மறுபடி சித்திரையிலிருந்து ஆரம்பித்தாள்.

கடித்தது கையில், இடது கால் செருப்பு ஏன் கழன்று விழுகிறது என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. காலையில் பஸ் ஏறும்போது செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது, அவளுக்குத் தெரியவே இல்லை, தவசிதான் இறங்கி ஓடி எடுத்து வந்தார். தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. விஷம் இறங்குதுல்ல, இறங்குனா காலுக்குத்தானே வரணும் என்று அவள் அவரிடம் சொன்னாள். அவர், ஆமா என்றார். குனிந்து அவள் காலில் செருப்பை மாட்டிவிட்டார், பஸ்ஸுக்குள் அத்தனை பேர் பார்க்க. ஒச்சம்மாளுக்குப் பயமாக இருந்தது. செருப்பு கழன்றதற்குப் பயமில்லை. அவர் திட்டவில்லையே, அதற்குத்தான் பயம். தவசி வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது. உப்புக் குறைந்தால் ஒரு பாட்டு, கூடினால் ஒரு பாட்டு, ஆடு அவிழ்த்துக்கொண்டு போனால் ஆட்டுக்கும் இவளுக்கும் சேர்த்து ஒரு பாட்டு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்தான் குடியிருந்தாள். அது எப்போது நின்றது? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்கு. கையிலும் காலிலும் ஊசி குத்திக் கரண்டு வைத்துப் பார்த்தார்கள், பெட்டிக்குள் நரம்பு கரகரவென்று சத்தம் போட்டது. வயசான டாக்டர், தங்கமான மனுசர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டார். எதுவானாலும் என்கிட்டச் சொல்லுங்கய்யா என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். கதவுக் கண்ணாடி வழியாக, உள்ளே போன தவசியின் முதுகு மட்டும் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வெளியே வந்தவர் நேரே குழாயடிக்குப் போய் முகம் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார், பின்னால் வரிசையில் நின்ற ஆள், யோவ் குளிக்கிறியா என்று கேட்கும் வரைக்கும். பிறகு வந்து, "நரம்புல கொஞ்சம் தளர்ச்சியாம்த்தா, மாத்திரை தந்திருக்காக" என்றார். ஆத்தா என்று அவளைக் கூப்பிட்டார். ஆயுசுக்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார், வேண்டாம் என்றதற்கும் திட்டவில்லை.

அதிலிருந்து சோறு குழைந்தாலும் சத்தமில்லை. அடிப் பிடித்த குழம்பை ஊற்றி நல்லாருக்கு என்று தின்கிறார். காலையில் அவள் ஜாக்கெட் கொக்கியை அவர்தான் மாட்டிவிடுகிறார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தத் தடித்த விரலால் ஒவ்வொன்றாக. ஒரு தடவை அவளே, "ஏய்யா, ஒரு வார்த்தை ஏசுனாத்தான் என்ன?" என்று கேட்டுவிட்டாள். "எதுக்கு ஏச?" என்றார். இந்த ஈயைக்கூட அவர்தான் பிடித்துக் கொடுத்தார். கருத்தக்கண்ணன் பூச்சி டாக்டரைப் பற்றிச் சொன்னதும், இவள் தவசியிடம், மாமா, அந்த ஈயில ஒண்ணைப் பிடிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சுரும் மாமா என்று கெஞ்சினாள். மனுஷன் வேலையைப் போட்டுவிட்டு மத்தியான வெயிலில் வேலியோரம் துண்டை விரித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ தும்பியையும் குளவியையும் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். இது இல்ல, இதுக்குத் தாடி இல்ல. திரும்பப் போனார். குளவி கொட்டிப் புருவம் வீங்கிக்கொண்டு வந்தார். கடைசியில் இதைப் பிடித்தார். பாட்டிலுக்குள் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது: அதே தாடி, அதே கூன், அதே பார்வை. இங்கே அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஈ இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தால் இப்படி வெயிலில் நின்றிருப்பாரா? நிற்க மாட்டார். நின்றார் என்றால் ஈதான். அவரும் நம்பித்தானே நின்றார். பொண்டாட்டியைச் சந்தோஷப்படுத்த மட்டும் எவனாவது புருவம் வீங்குவானா? இந்தக் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடி அதை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் அவளுக்கு எச்சில் புரையேறி இருமியதும் தவசி எழுந்து, "டீ வாங்கிட்டு வாரேன், கூப்பிட்டா நீ போயிரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்னப் பொண்ணுதான், ஊசியும் இல்லை, கழுத்தில் குழாயும் இல்லை, மேசை நிறைய இலையும் புழுவும். பாட்டிலைப் பார்த்ததும் அது முகம் மலர்ந்து போயிற்று. "அடடா, அருமையாப் பிடிச்சிருக்கீங்களேம்மா! என்ன பயிர்?" "செண்டுமல்லி." "என்ன சேதம் பண்ணுச்சு?" ஒச்சம்மாள் வலது கையைத் தூக்கி மேசைமேல், பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தச் சேதந்தான் தாயி" என்றாள். பொண்ணுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை, புரிந்ததும் பதறிப் போயிற்று. "அம்மா, நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லம்மா. பூச்சியப் பத்திப் படிச்சவ." "அதான் தாயி வேணும். கைய விடுங்க, பூச்சியப் பத்திச் சொல்லுங்க. யாரு இது? பேரு என்ன?" லென்ஸை வைத்துப் பார்த்துப் பொண்ணு சொன்னது. கொள்ளைக்கார ஈ என்று பேராம். பார்க்கக் குளவி மாதிரி இருக்கும், ஆனால் குளவிக்கு நாலு றெக்கை, இதுக்கு ரெண்டுதான். கண்ணுக்கு நடுவில் பள்ளம் இருந்தால் இதுதான், வேற ஈக்கு அப்படிப் பள்ளமும் தாடியும் சேர்ந்து இருக்காது. பிடிக்கிற பூச்சி மூஞ்சியில் உதைக்காமல் இருக்கத்தான் தாடி. "பறக்கும்போதே பிடிச்சு, மூக்கால குத்தி, எச்சில உள்ள விட்டுரும்மா. அந்த எச்சில்ல ஒரு விஷம் இருக்கு. நரம்ப முடக்கிரும். உள்ள இருக்கிற சதையெல்லாம் கரைச்சிரும், அப்புறம் உறிஞ்சிக்கும்." ஒச்சம்மாள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஏ அம்மா, இதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்! "நரம்ப முடக்குமா? சதையக் கரைக்குமா?" "ஆமாம்மா." "பாத்தியா தாயி, இந்தா பாரு, நரம்பு முடங்கிருக்கு, சதை கரைஞ்சிருக்கு. இதுக்கு என்ன மருந்து? இங்க இருக்கா, வெளிய வாங்கணுமா?" அந்த ஒரு மூச்சு நேரம் அவளுக்குக் கை வந்துவிட்டது. நாரைச் சுண்டினாள், மொட்டு நின்றது, முடிச்சு விழுந்தது.

"பூச்சிக்கும்மா" என்றது பொண்ணு. மெதுவாகத்தான் சொன்னது. "அந்த விஷம் பூச்சிக்குத்தான். தேனீ, வெட்டுக்கிளி, அந்த அளவுக்குத்தான். மனுசங்கள இது ஒண்ணும் பண்ணாது. தேடி வந்து கடிக்காது, கையில பிடிச்சா, நசுக்கினா ஒரு குத்துக் குத்தும். அன்னைக்கு வலிச்சிருக்கும், மறுநாள் போயிருக்கும். போயிருச்சுல்ல?" போயிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே போயிருந்தது. "முட்டை கிட்டை உள்ள வச்சிருக்காதா?" "இல்லம்மா, மண்ணுல வைக்கும், செடியில வைக்கும். ஆள் உடம்புல வைக்காது." "வேற ஈயா இருந்தா? இதுலயே விஷம் கூடின சாதி ஒண்ணு இருந்தா?" "எந்தச் சாதியா இருந்தாலும் மனுசனுக்கு ஆபத்து இல்லம்மா. இது நல்ல பூச்சி" என்று சொல்லிக்கொண்டே பொண்ணு மேசைமேல் கிடந்த கையைப் பார்த்தது, முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தது, பெருவிரல் அடியில் இருந்த குழியை, முழங்கைக்கு மேலே தோலுக்குள் நெளிந்ததை. பார்த்துவிட்டு லென்ஸைக் கீழே வைத்தது. அப்புறம் ஒச்சம்மாள் எதைக் கேட்கக் கூடாது என்று இத்தனை நாளாகக் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தாளோ அதைக் கேட்டது. "கூட யாரும்மா வந்திருக்கா?"

"யாரும் வரல" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெண்டைச் செடிக்காரன் உள்ளே போனான். வாசல் படிக்கு அப்பால் வெயிலில் கண் கூசியது. நல்ல பூச்சியாம். கடிச்சது இது இல்லைன்னா, அப்போ கடிச்சது எது? எப்போ கடிச்சுச்சு, மாசியிலயா, அதுக்கும் முந்தியா, தூங்கையிலயா, சோறு திங்கையிலயா? பூசாரி சொன்னதுதான் சரி, அவ கண்டது கடியே இல்லை, கடிச்சத அவ காணவே இல்லை. அது உள்ளேயே உட்கார்ந்து நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, கை முடிந்து காலுக்கு வந்திருக்கிறது, தொண்டைக்கும் வந்திருக்கிறது. முடிந்ததும் கூட்டைக் கீழே போட்டுவிடும். இது அந்த மனுசனுக்குத் தெரியும். தெரிந்தே வெயிலில் நின்றார். அவள் போட்டு வைத்திருந்த கணக்கு அங்கேயே நொறுங்கிப் போயிற்று. ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, எத்தனை நாளு சொன்னாக, சொல்லுய்யா என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

தவசி ரோட்டைக் கடந்து வந்தார், ரெண்டு கையிலும் டீ டம்ளர், ஒரு சொட்டுச் சிந்தாமல், பார்வையை டீயிலேயே வைத்துக்கொண்டு. புருவத்தில் வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை. டம்ளரைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னத்தா சொன்னாக?" அவர் முகத்தைப் பார்த்தாள். "விஷந்தானாம் மாமா" என்றாள். "நரம்ப முடக்குற விஷமாம். மெல்ல மெல்ல இறங்கிருமாம். பயப்பட வேணாம்னாக." அவர் தலையாட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். "நாந்தான் சொன்னேன்ல" என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். அப்போதுதான் பாட்டில் விழுந்தது. நழுவியதா, அவளாக விட்டாளா என்று அவளுக்கே தெரியாது, இடது கையில்தான் இருந்தது, இடது கை நல்ல கை. படியில் பட்டுச் சில்லுச் சில்லாகத் தெறித்தது, டீ ரெண்டும் கவிழ்ந்து அவர் வேட்டியெல்லாம் ஆயிற்று, எலுமிச்சங்காய் வாடை எழும்பியது. கண்ணாடிக்கு நடுவிலிருந்து ஈ எழும்பி எதிர் வேலிக் கம்பியில் போய் உட்கார்ந்தது. ஒச்சம்மாள் அதைப் பார்க்கவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூறுகெட்டவளே. சொல்லுய்யா. கையில வெண்ணெயா தடவிருக்க. ஒரே ஒரு தடவை சொல்லு, நான் பிழைச்சுக்கிடுவேன். தவசி துண்டை விரித்துக் கீழே குந்தினார். கண்ணாடியை ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கித் துண்டில் போட்டார். "இருக்கட்டும்த்தா, பாட்டில்தானே" என்றார். "கால எடுக்காத, குத்திரும். அப்படியே நில்லு."